காயாத துளி

லெனாட்டின் ஓட்டோ படலையடியில் வந்து நின்றபோது வெயில் உச்சியைத் தாண்டியிருந்தது. கீரிமலையிலிருந்து நீர்வேலி வரும்வரை ஒருவரும் வாய் திறக்கவில்லை. லெனாட் வாய் ஓயாத ஆள். அன்றைக்கு அவன்கூடப் பாட்டை நிறுத்திவிட்டு, ஒழுங்கைக் குழிகளில் வாகனத்தை நோகாமல் இறக்கி ஏற்றிக்கொண்டு வந்தான்.

“பாத்து இறங்குங்கோ அக்கா. சீலைத் தலைப்பு சில்லுக்கை போகுது.”

அருந்ததி தலைப்பை இழுத்துக்கொண்டு இறங்கினாள். கடல் உப்பு கைகளில் வெள்ளை வெள்ளையாகக் காய்ந்திருந்தது. பின்னால் அவள் கணவன் பிரகலாதன் ஈர வேட்டியைப் பிடித்தபடி இறங்கினான். அவர்களுடைய ஒரே மகள் சாருஜாவுக்கு அன்று முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி. அந்தப் பிள்ளைக்குச் செய்ய வேண்டியவற்றுள் கடைசியையும் செய்துவிட்டு வந்திருந்தார்கள். இனி அவளுக்காகச் செய்வதற்கு ஒன்றுமே இல்லை என்ற நினைப்புத்தான் அருந்ததிக்கு உடம்பெல்லாம் கல்லாகக் கனத்தது.

விறாந்தைப் படியில் மகாதேவி வாளித் தண்ணீரோடு நின்றாள். பிரகலாதனின் தமக்கை, அடுத்த வளவில் இருப்பவள். நல்லது கெட்டது எதற்கும் முறை தவறவிடாதவள்.

“காலைக் கழுவிப்போட்டு உள்ளுக்கு வாங்கோ. டேய் லெனாட், எங்கையடா திருப்பிறாய்? சாப்பிட்டுப் போ. சேர்ச்சுக்குப் போற வேதக்காரன் எண்டு வாழையிலை கோவிக்காது.”

“கோவிச்சாலும் நான் விடுவனே அக்கா. கத்தரிக்காய்க் குழம்பு வாசம் சந்தியிலை வைச்சே மறிச்சுப் போட்டுது.”

யாரோ மெல்லச் சிரித்தார்கள். அருந்ததிக்கு அது தூரத்தில் கேட்டது.

பழைய வீடு. சுண்ணாம்புக் கற்சுவர், உயரம் குறைந்த நிலைகள். மூன்று பக்கமும் வாழைத் தோட்டம் நெருக்கிக்கொண்டு நிற்பதால் உள்ளே பகலிலும் பச்சை இருட்டு. ஈர வாழைமட்டைத் தடல் அழுகும் மணம் எப்போதும் இருக்கும். காற்று அசைந்தால் காய்ந்த சருகுகள் ஒன்றோடொன்று உரசும். யாரோ சீலை சரசரக்கச் சுவரோரமாக நடப்பது போல.

நடு அறையின் மூலையில் சாருஜாவின் படம் இருந்தது. முன்னால் ஒரு விளக்கு. விளக்கின் பக்கத்தில் ஒரு செம்பு நிறையத் தண்ணீர்.

உயிர் போனபின் அந்தியேட்டி வரைக்கும் அது வீட்டுக்கு வந்து போகுமாம். வருகிற உயிருக்குத் தாகம் எடுக்குமாம். அதற்குத்தான் அந்தச் செம்பு. ஒவ்வொரு நாள் விடியலிலும் தண்ணீர் குறைந்திருக்கும்.

“பிள்ளை குடிச்சிருக்கிறாள்” என்பாள் மகாதேவி.

“காத்துக்கு வத்துது அக்கா” என்பான் பிரகலாதன்.

அருந்ததி செம்பை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போய் நிறைத்து வருவாள். இந்த ஒரு மாதமும் அவள் எழுந்து நடமாடியது அந்த ஒரு வேலைக்காகத்தான்.

ஏனென்றால் சாருஜா தாகத்தோடு போன பிள்ளை. மாரி மழைக்குப் பிறகு வந்த டெங்கு. காய்ச்சல் இறங்கியதும் எல்லோரும் ஆறுதல்பட்டார்கள். இனித்தான் கவனம் என்றார் வைத்தியர். உடம்புக்குள் நீர் கசிகிறது, அளவுக்கு மேல் குடித்தால் மூச்சு முட்டும், இவ்வளவுதான் கொடுக்கலாம் என்று அளவுப் பேணியைக் காட்டினார்கள். பிள்ளை உதடு வெடித்துக் கிடந்தாள். “அம்மா, கொஞ்சம்.” அருந்ததி கொடுக்கவில்லை. வைத்தியர் சொன்னது சரி. அதில் ஒருவருக்கும் சந்தேகம் இல்லை, அருந்ததிக்கும் இல்லை. ஆனால் தாகத்துக்குச் சரி பிழை தெரியாது. “அம்மா, கொஞ்சம்.” கடைசியாகக் கேட்ட குரலும் அதுதான்.

சுகமாக இருந்த நாட்களில் அந்தப் பிள்ளை செம்பை அண்ணாந்து ஒரே இழுப்பில் குடிப்பாள். முடிந்ததும் “ஹா” என்று பெரிதாக ஒரு மூச்சு விடுவாள்.

“பொம்பிளைப் பிள்ளை குடிக்கிற குடியே இது? கண்டுக்குட்டி மாதிரி” என்று மகாதேவி ஏசுவாள். ஏசினால் அடுத்த முறை இன்னும் பெரிதாக வரும் அந்த “ஹா”.

சாப்பாடு முடிந்து ஆட்கள் கலைந்தபின் மகாதேவி அருந்ததியைக் கூப்பிட்டாள்.

“விளக்கை அணைச்சிட்டன். நீ செம்பைக் கொண்டுபோய் வாழையடியிலை ஊத்திப்போட்டு, திரும்பிப் பாராமல் வா. ஒரு சொட்டும் மிஞ்சக்கூடாது. உந்தத் தண்ணியை ஆரும் வாயிலை வைக்கக்கூடாது. விளங்குதோ?”

“ஓம் மச்சாள்.”

அருந்ததி பின்வளவுக்குப் போனாள். புதிதாக நட்ட வாழைக்குட்டி ஒன்றின் அடியில் செம்பைச் சரித்தாள். மண் அதை உறிஞ்சிய வேகத்தைப் பார்த்ததும் கை தானாக நிமிர்ந்துவிட்டது.

இந்தத் தண்ணீரையும் நிறுத்தச் சொல்கிறார்கள்.

குசினி யன்னலில் சாருஜா முன்பு குடித்த இனிப்புப் பாணி மருந்தின் போத்தல் ஒன்று கழுவிக் கவிழ்த்திருந்தது. மிச்சத் தண்ணீரை அதற்குள் ஊற்றி மூடினாள். துளி விடும் குழாயும் அதன் மூடியோடு இருந்தது. போத்தலை நெஞ்சுக்குள் மறைத்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்குள் வந்தாள்.

மகாதேவி வெறுஞ்செம்பைக் கண்டு தலையாட்டினாள்.

*

பிறகு வந்த நாட்கள் நீளமானவை. பிரகலாதன் காலையில் தோட்டத்துக்கு இறங்கிவிடுவான். அருந்ததி பிள்ளையின் அறையில் போய் இருப்பாள். தூசி தட்டுவாள். தட்டியதையே மறுபடி தட்டுவாள்.

மேசையில் சாருஜா செய்யத் தொடங்கிய, சின்னதைப் பெரிதாக்கிக் காட்டும் நுணுக்குக்காட்டி கிடந்தது. வீட்டில் கிடக்கும் பொருட்களைக் கொண்டு ஒன்று செய்து வரும்படி பள்ளிக்கூடத்தில் சொல்லியிருந்தார்கள். பால்மாப் பேணியின் தகரத்தில் ஒரு நாடா வெட்டி, நடுவில் தையலூசியால் துளை போட்டிருந்தாள். துளையைச் சுற்றி மெழுகுதிரியைத் தேய்த்திருந்தாள். தண்ணீர் பரவாமல் உருண்டு நிற்பதற்கு. அந்தத் துளையில் ஒரு துளி தண்ணீர் விட்டால் அதுதான் வில்லை. வேறு கண்ணாடி தேவையில்லை. தகரத்தைத் தாங்க இரண்டு மரக்கட்டை. கீழே பழைய படச்சட்டத்தின் கண்ணாடி. பார்க்கிற பொருளை அதில் வைக்க வேண்டும். அதற்கும் கீழே, யன்னல் வெளிச்சத்தை மேலே திருப்ப, சரித்து வைத்த முகக்கண்ணாடித் துண்டு.

முதல் துளி விட்ட நாளில் அருந்ததியைக் குசினியிலிருந்து இழுத்து வந்து காட்டினாள். கண்ணைத் துளியோடு ஒட்ட வைத்ததும் அருந்ததி பதறிப்போனாள்.

“ஐயோ, கறுப்புக் கறுப்பாய் என்னவோ நெளியுது! புழுவோடி?”

சாருஜா கட்டிலில் விழுந்து சிரித்தாள். “அது உங்கடை கண்மயிர் அம்மா! கண்ணைக் கிட்ட வைச்சால் அதுதான் முதல் தெரியும். தலையை எடுங்கோ, புழுவும் போயிடும்.”

ஆனால் துளி நிற்காது. வெங்காயத் தோலைச் சரிக்கட்டி வைப்பதற்குள் காய்ந்துவிடும். தகரத்தை மெல்ல ஏற்றி இறக்க ஒரு திருகாணி வேண்டும், அப்பாவிடம் கேட்கவேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அடுத்த நாள் காய்ச்சல் வந்தது.

அருந்ததி, இறைக்கும் மெசினின் பெட்டியைக் கிளறி ஒரு திருகாணி எடுத்தாள். பிள்ளை விட்ட இடத்தில் அதைப் பூட்டினாள். பார்க்க வேண்டும் என்ற ஆசை ஒன்றும் இல்லை. முடியாமல் கிடப்பது ஒன்றாவது முடியட்டும் என்று நினைத்தாள்.

சீப்பில் சிக்கியிருந்த சாருஜாவின் தலைமயிர் ஒன்றைக் கண்ணாடியில் வைத்தாள். கிணற்றுத் தண்ணீரில் ஒரு துளி விட்டாள். மயிர் தும்புக்கயிறு போலத் தடித்துத் தெரிந்தது. நல்லாய்ப் பார்ப்பதற்குள் துளி சுருங்கிக் காய்ந்தது. மறுபடி விட்டாள். மறுபடியும் காய்ந்தது. மாசி மாதத்து மத்தியானம். யன்னலால் அனல் அடித்தது.

அலுமாரிக்குள் மறைத்திருந்த போத்தலின் நினைவு வந்தது.

குழாயால் அதிலிருந்து ஒரு துளி விட்டாள்.

அது காயவில்லை.

மயிரின் ஒவ்வொரு செதிலையும் பார்த்தாள். கழுத்து நொந்தது. நிமிர்ந்து இருந்தாள், மறுபடி குனிந்தாள். வெயில் யன்னலை விட்டு இறங்கிப் போயிற்று. துளி விட்டபடியே, முட்ட முட்ட உருண்டு நின்றது. விளிம்பில் கறுப்பாகக் கண்மயிர்கள் அசைந்தன. பிள்ளை சிரித்தது நினைவில் வந்து, அருந்ததிக்கும் உதட்டில் ஏதோ அசைந்தது.

தலையை எடுத்தாள்.

கண்மயிர்கள் போகவில்லை.

கை நீட்டும் தூரத்தில் இருந்து பார்த்தாள். தகரத் துளைக்குள், கடுகளவு துளிக்குள், மெல்லிய கறுப்பு மயிர்கள் வரிசையாக நின்றன.

அவை ஒருமுறை மூடித் திறந்தன.

வெளியே சருகு உரசும் சத்தம் நின்றிருந்தது. அறையில் திடீரென்று ஆஸ்பத்திரி மணம். மருந்தும் வியர்வையும் வெடித்த உதட்டின் இரத்தமும்.

“சாரு?” என்றாள், மூச்சாக.

“அம்மா, கொஞ்சம்.”

காதில் கேட்டதா, துளியிலிருந்து வந்ததா, அவளுக்குத் தெரியவில்லை. அவள் பயப்படவில்லை. பயப்படுவதற்கும் உடம்பில் கொஞ்சம் பலம் வேண்டும். குழாயை எடுத்து இன்னொரு துளி விட்டாள். அது தகரத்தில் தொட்டதும் உள்ளே இழுபட்டது, உறிஞ்சுவது போல. இன்னொன்று விட்டாள். அதுவும் போயிற்று.

“குடி, என்ரை குஞ்சு. ஒருத்தரும் அளக்கேல்லை. குடி.”

*

அதன்பின் ஒவ்வொரு நாளும் அவள் மேசைக்கு முன்னால் இருந்தாள். போத்தல் குறையக் குறையக் கிணற்றுத் தண்ணீரை அதற்குள் விட்டுக் கலந்தாள். எவ்வளவு கொடுத்தாலும் குரல் அதே இரண்டு சொற்களோடு வந்தது. ஒருநாளும் அந்த “ஹா” வரவில்லை.

பிரகலாதனுக்குத் தாகம் தொடங்கியதை அவள் முதலில் கவனிக்கவில்லை.

“என்னப்பா, நாக்கு ஒட்டுது. தண்ணியிலை உப்புக் கூடிப்போச்சோ?” என்றான் ஒருநாள். மறுநாள் வாளியோடு தூக்கிக் குடித்தான். உதடு வெடித்தது. கன்னம் ஒட்டியது. தோட்டத்துக்கு இறங்குவதை நிறுத்தினான். லெனாட் வந்து வைத்தியரிடம் ஏற்றிப்போனான்.

“சீனி வருத்தமாயிருக்கும் அண்ணை. தேத்தண்ணிக்கு மூண்டு கரண்டி போடுற ஆள் நீங்கள்” என்று பகிடி விட்டுக்கொண்டு போனவன், திரும்பி வந்து பகிடி இல்லாமல் விஷயத்தைச் சொன்னான். சீனியும் இல்லை, காய்ச்சலும் இல்லை. எல்லாம் சரியாக இருக்கிறது, ஆள்தான் வற்றிக்கொண்டு போகிறார் என்றார்களாம். சேலைன் ஏற்ற நாளைக்குக் கொண்டுவந்து படுக்க வைக்கச் சொல்லியிருந்தார்கள்.

அன்று பின்னேரம் அருந்ததி அவனுக்குச் செம்பில் தண்ணீர் கொடுத்தாள். அவன் கட்டிலில் எழுந்து இருந்து அண்ணாந்தான். தண்ணீர் செம்பிலிருந்து அவன் வாய்க்குள் விழுவதை அவள் கண்ணால் கண்டாள்.

அவன் தொண்டை அசையவில்லை.

செம்பு காலியாயிற்று. அவன் வாயை மூடினான். நாக்கைத் தடவிப் பார்த்தான். அது காய்ந்த தடல் போல இருந்தது.

“உள்ளுக்குப் போகுதில்லையப்பா” என்றான் மெல்ல. குழந்தை முறைப்பாடு சொல்வது போலச் சொன்னான். “வாய்க்கை வருது. பேந்து காணேல்லை. ஆரோ இடையிலை...”

அவன் கண் வாசற்பக்கம் போயிற்று. நாளைக்கு இவன் மிஞ்சமாட்டான் என்று அருந்ததிக்கு அந்தப் பார்வையில் தெரிந்தது. அந்தக் கண்களை அவள் ஏற்கெனவே ஒருமுறை கட்டில் ஓரத்தில் இருந்து பார்த்திருக்கிறாள்.

வாசலில் நின்றது மகாதேவி. தம்பியின் வாயையும் கீழே கிடந்த செம்பையும் மாறி மாறிப் பார்த்தாள். ஒரு சொட்டுக்கூட நிலத்தில் சிந்தியிருக்கவில்லை.

“அருந்ததி. இஞ்சை வா.”

குசினிக்குள் போனதும் குரலைத் தாழ்த்தினாள்.

“அண்டைக்கு அந்தத் தண்ணியை முழுக்க ஊத்தினனியோ?”

“இல்லை மச்சாள். மிச்சத்தை அவளுக்குத்தான் குடுக்கிறன்.”

ஏசுவாள் என்று அருந்ததி நினைத்தாள். மகாதேவி அடுப்புத் திட்டில் கையை ஊன்றிக்கொண்டாள்.

“போற பிள்ளையை மறிச்சுப் போட்டாயடி. நீ குடுக்கிறது நாக்கு நனையத்தான் போதும். மிச்சத்துக்கு அவள் எங்கை போவாள்? தேப்பனிட்டைத்தானே வருவாள்.”

“தண்ணி கேக்கிறாள் மச்சாள்.”

“கேப்பாள். கேட்டுக்கொண்டுதான் இருப்பாள். கொண்டுபோய் ஊத்து. அவனையும் குடுத்துப்போட்டு நீ ஆரோடை இருக்கப்போறாய்?”

*

இருள் கவிகிற மைம்மல் பொழுது. அறைக்குள் விளக்குப் போடாமலே அருந்ததி மேசையடிக்குப் போனாள். போத்தலில் கால்வாசி இருந்தது. தகரத் துளையில் துளி, அந்த மங்கலிலும் தெளிவாக, கறுத்து மின்னிக்கொண்டு இருந்தது. போத்தலை ஒரு கையிலும் தகரத்தை மறு கையிலும் எடுத்துக்கொண்டு பின்வளவுக்கு நடந்தாள். துளி ஆடவில்லை.

அன்று பாதித் தண்ணீர் ஊற்றிய வாழைக்குட்டி நின்ற இடத்தில் காய்ந்த கட்டை ஒன்று நின்றது. அதைச் சுற்றி நிலம் பாளம் பாளமாக வெடித்திருந்தது. பக்கத்து வாழைகள் எல்லாம் பச்சையாகத்தான் நின்றன.

போத்தலைச் சரித்தாள். தண்ணீர் வாயோரம் வரைக்கும் வந்தது.

“அம்மா, கொஞ்சம்.”

இம்முறை அவளுடைய முழங்கையடியில். சின்ன வயதில் சீலையைப் பிடித்துக்கொண்டு நிற்கும் உயரத்தில்.

அவள் தகரத்தைப் பார்த்தாள். துளிக்குள் கண்மயிர்கள் விரிந்திருந்தன. காத்திருந்தன.

இன்னொரு முறை இல்லையென்று சொல்ல அவளால் முடியாது. அந்த வேலையை அவள் ஒருமுறை செய்து முடித்துவிட்டாள். அதற்குமேல் அவளிடம் ஒன்றும் இல்லை.

“அப்பாவை விடு ராசாத்தி” என்றாள். “அவர் பாவம். இனி உனக்கு வேணுமெண்டால் என்னட்டை எடு. நான் குடிக்கிறதிலை குடி.”

போத்தலை அண்ணாந்து வாயில் கவிழ்த்தாள். மருந்தின் இனிப்பும் எண்ணெய் விளக்கின் புகையும் சேர்ந்த சுவை. பிறகு தகரத்தை எடுத்து, துளையில் நின்ற துளியை நாக்கால் தொட்டாள்.

குளிர். பிறகு நாக்கில் ஏதோ மெல்லியதாக, மயிரிழை போல, ஒருமுறை அசைந்தது.

தகரம் வெறுமையாயிற்று.

வீட்டுக்குள்ளிருந்து பிரகலாதன் இருமுவது கேட்டது. பிறகு அவன் தண்ணீர் குடிப்பது கேட்டது. மடக்கு மடக்கென்று, தொண்டை வழியே இறங்கும் நல்ல சத்தம். “அக்கா, இன்னும் கொஞ்சம் தாங்கோ. தேன் மாதிரி இருக்குது” என்றான். மகாதேவி அழுகிறாள் என்று அவள் மூக்கை உறிஞ்சுவதில் தெரிந்தது.

அருந்ததி கால்கள் இழுபட வந்து குசினிப் படியில் இருந்தாள். இரண்டு கண்களும் தாமாக மூடின. பிள்ளை போனதிலிருந்து அப்படி ஒரு களைப்பு அவளுக்கு வந்ததில்லை.

கொஞ்ச நேரத்தில் மகாதேவி வெளியே வந்தாள்.

“ஊத்திப்போட்டியோ?”

அருந்ததி தலையை அசைத்தாள். அது ஓமென்றும் இல்லை, இல்லையென்றும் இல்லை.

“நல்லது. இனி எல்லாம் சரியாயிடும். முகமெல்லாம் வாடிப்போய்க் கிடக்கிறாய். இந்தா, இதைக் குடி.”

ஒரு செம்பு தண்ணீர். அருந்ததி வாங்கினாள். அவள் எப்போதும் மிடறு மிடறாக, நிறுத்தி நிறுத்திக் குடிப்பவள். அன்றைக்குச் செம்பு தானாக உயர்ந்தது. அண்ணாந்து ஒரே இழுப்பில் குடித்தாள். கடைசிச் சொட்டும் இறங்கியது. செம்பை இறக்கி மடியில் வைத்தாள். உதடுகளை இறுக மூடிக்கொண்டாள்.

“ஹா.”

சத்தமாகத்தான் வந்தது. கண்டுக்குட்டி என்று ஏச்சு வாங்கினால் வருகிற அளவுக்கு.

மகாதேவியின் கண்கள் அருந்ததியின் மூடிய வாயிலேயே நின்றன. வாழைச் சருகு ஒன்றும் அசையவில்லை. உள்ளே பிரகலாதன் நெடுநாளைக்குப் பிறகு நித்திரையாகிவிட்டிருந்தான்.

அருந்ததி கையை நீட்டி வெறுஞ்செம்பைக் கொடுத்தாள்.

மகாதேவி செம்பை வாங்கிக்கொண்டு, மறுபடி நிறைக்க, மெல்ல, கிணற்றடிக்கு நடந்தாள்.